கோடாலிக்குப் பயப்படாத பேரிமரம்

என் பேரிமரங்களைக் காய்க்க வைத்தது என் மாமனாரின் கோடாலிதான் என்று சொல்லுகிற ஆட்கள் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இன்றைக்கும் இருக்கிறார்கள். அந்தக் கோடாலி இப்போது என் வீட்டு மூலையில்தான் சாய்ந்து கிடக்கிறது. அதற்கு வாயிருந்தால் நடந்ததைச் சொல்லிவிடும். இல்லாததால் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பழனி அடிவாரத்தில் யாத்திரைக்காரர்களுக்குத் தேங்காய் பழத் தட்டு விற்கிற குடும்பம் எங்களுடையது. கடை ஒன்று, அதில் உட்கார ஆள் ஏழெட்டு. எனக்கு இடமில்லை என்று யாரும் சொல்லவில்லை, நானாகப் புரிந்துகொண்டு மலை ஏறினேன். கொடைக்கானலில் ஒரு துரைசானியின் பங்களாவில் களை பிடுங்கச் சேர்த்தார்கள். சில வருடத்தில் என்னைக் கேட்காமல் அந்தத் தோட்டத்தில் யாரும் ஒரு கிளையை வெட்டமாட்டார்கள். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

அந்தத் தோட்டத்தில் நின்றதெல்லாம் கப்பலேறி வந்த செடிகள். பேரி, பிளம்ஸ், ஆப்பிள், ஓடு உடைத்துத் தின்கிற அக்ரூட். புல்தரையில் மூன்று இலைப் புல், உருண்டையாக வெள்ளைப் பூ, எப்போது பார்த்தாலும் அதில் தேனீ மொய்க்கும். ஓரத்தில் விரலை நுழைத்துப் பார்க்கலாம் போல ஊதாப் பூ அடுக்கடுக்காகத் தொங்கும். நெஞ்சு நோவுக்கு அதிலிருந்து மருந்து எடுப்பார்களாம், இலையைச் சும்மா தின்றால் ஆளை முடித்துவிடுமாம். மஞ்சள் பூப் பூத்து, பஞ்சாகப் பறக்கிற ஒரு செடியும் உண்டு. துரைசானி அதைக் களை என்பார், நான் பிடுங்கிக்கொண்டுபோய்க் கீரையாகக் கடைந்து தின்பேன். கொஞ்சம் கசக்கும், வயிற்றுக்கு நல்லது.

எல்லாவற்றிலும் என் கண் ஒரு பேரிமரத்தின் மேல்தான். மற்ற பேரிக்காயைத் தின்றவர்களுக்கு அந்தப் பழத்தைப் பற்றிச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மலையில் அப்போதே ஒரு நாட்டுப் பேரி உண்டு. ஆட்டுக்குப் போட்டால் ஆடு நம்மை முறைக்கும், அவ்வளவு கல். இந்த மரத்துப் பழம் அப்படி இல்லை. ஒரு கடி கடித்தால் சாறு முழங்கைக்கு வழியும். துணியோடு சேர்த்துக் கையைக் கழுவ வேண்டும்.

சுதந்திரம் வந்து சில வருடம் கழித்துத் துரைசானி பங்களாவை விற்றுவிட்டுச் சீமைக்குக் கிளம்பினார். வேலைக்காரர்களைக் கூப்பிட்டு, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒருவர் நாற்காலி எடுத்தார், ஒருவர் கண்ணாடி எடுத்தார், சமையல்காரர் பீங்கான் தட்டுகளை வைக்கோல் சுற்றிக் கட்டினார். நான் அந்தப் பேரிமரத்தில் ஒரு கட்டுக் குச்சி வெட்டி ஈரச் சாக்கில் சுற்றினேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த நாற்காலி இப்போது எங்கே இருக்கிறது என்று யாராவது போய்க் கேட்டுப் பாருங்கள்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணம். மாமனார் நாயுடுபுரத்துக்குக் கீழே சரிவில் உருளைக்கிழங்கு போடுகிறவர். கையில் காசில்லாதவனுக்கு ஏன் பெண் கொடுத்தார் என்று ஊரில் கேட்டதற்கு, "அவன் மண்வெட்டி புடிக்கிறதப் பாத்தேன்" என்று சொன்னாராம். சரிவில் தட்டுத்தட்டாக இறங்கும் ஒரு துண்டு நிலத்தை எனக்குக் காட்டி, "மரம் வைக்கணும்னு ஆசப்படுறீங்க, வைங்க மாப்ளே. காய்ச்சா எழுதித் தர்றேன். காய்க்கலேன்னா கிழங்குக்குத் திருப்பிக் குடுத்துருங்க" என்றார். நியாயமான பேச்சு. நானும் சரி என்றேன்.

நாட்டுப் பேரி விதை போட்டு நான் முன்பே வளர்த்து வைத்திருந்த நாற்றுகளைக் கொண்டுவந்து நட்டு, தலையைச் சீவி, துரைசானி மரத்துக் குச்சியை ஒட்டுக் கட்டினேன். வேர் நாட்டு வேர், மேலே சீமைப் பழம். வாழைநாரால் சுற்றி, களிமண்ணும் சாணியும் பிசைந்து மேலே அப்புவது என் வழி. யாரும் சொல்லித் தந்ததில்லை, தோட்டக்காரர் கட்டும்போது களை பிடுங்குகிற சாக்கில் பார்த்துக்கொண்டதுதான். முதலில் கட்டியதெல்லாம் கருகியது. பிறகு கட்டியதெல்லாம் பிடித்தது. அந்த ஒட்டிலிருந்து வளர்ந்த கிளைகளிலேயே அடுத்த வருடம் குச்சி எடுத்து மீதித் தட்டுகளையும் நிரப்பினேன்.

ஒட்டுக் கட்டாமல் மிஞ்சிய நாட்டு நாற்றுகளைக் குப்பையில் எறிந்தேன். என் மனைவி அவற்றைப் பொறுக்கி, மேல் தட்டுக்கு மேலே பாதையோரம் வரிசையாக நட்டுவிட்டாள்.

"அது முள்ளு வைக்கும். பழமும் ஒண்ணுக்கும் ஆகாது. என் தோட்டத்துல அது எதுக்கு?" என்றேன்.

"முள்ளு வைக்குதுன்னுதாங்க நட்டேன். காட்டுமாடு வந்தா நீங்க போயி கட்டிப் புடிப்பீங்களா?"

வேலி என்று விட்டுவிட்டேன்.

மரங்கள் வளர்ந்தன. ஒரு மாசியில் பூத்தன. மேல் தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரைக்கும் இலையே தெரியாமல் ஒரே வெள்ளை. மோட்டார் காரில் வந்தவர்கள் நிறுத்தி இறங்கிப் பார்த்தார்கள். நான் மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன். பங்குனியில் பூ கொட்டியது. கீழே வெள்ளை, மேலே ஒன்றுமில்லை. ஒரு பிஞ்சு நிற்கவில்லை. சரி, கன்னிப் பூ, அப்படித்தான் என்றேன். அடுத்த வருடமும் அப்படியே. அதற்கடுத்தும் அப்படியே. சாணி போட்டேன், சாம்பல் போட்டேன், வேரைச் சுற்றி வட்டம் எடுத்தேன். பூ இன்னும் அதிகமாக வந்தது.

என் மச்சினன், மனைவிக்குத் தம்பி, பக்கத்துத் தட்டில் கிழங்கு போடுகிறவன். மூட்டை கட்டிக்கொண்டே குரல் கொடுப்பான்.

"மச்சான், பூவ மூட்ட கட்டி திண்டுக்கல்லுக்கு அனுப்புறதுதான? லாரி வெறுமன கெடக்கு."

"இருலே, உன் காலம் இது."

"வெள்ளக்காரன் மரம் மச்சான். அவன் போனதும் இதுக்கு மனசு ஒடஞ்சுபோச்சு. நம்ம மண்ணுல நம்ம பயிரு போடணும்."

"கிழங்கு மட்டும் உன் முப்பாட்டன் மடியில கட்டிக்கிட்டு வந்ததா? அதுவும் கப்பல்ல வந்ததுதாம்லே. துரைசானி சொல்லியிருக்கு."

அவன் நம்பவில்லை. கிழங்கு வெளிநாட்டுக்காரன் என்று சொன்னால் அவனுக்கு அவன் அம்மாவைத் திட்டிய மாதிரி.

ஒரு மார்கழி. பேரி அந்த மாதத்தில் இலையைக் கொட்டிவிட்டுக் குச்சி குச்சியாக நிற்கும். வெள்ளனே புல் மேலே உறைபனி கிடந்தது. மாமனார் தோளில் கோடாலியோடு வந்து நின்றார். பின்னால் மச்சினன். வெட்டத்தான் வந்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் வந்தது காய்க்காத மரத்தை மிரட்ட. எங்கள் பக்கத்தில் பலாவுக்கும் புளிக்கும் செய்கிற வழக்கம் அது. ஒருவர் கோடாலியை ஓங்கி வெட்டப்போகிறேன் என்பார், இன்னொருவர் கையைப் பிடித்துத் தடுத்து அடுத்த வருடம் காய்க்கும் என்று ஜாமீன் நிற்பார். மரம் பயந்து காய்த்துவிடும்.

"மாப்ளே, ஒதுங்கி நில்லுங்க. இது எனக்கும் மரத்துக்கும் உள்ள பேச்சு" என்று சொல்லிவிட்டு, மேல் தட்டின் முதல் மரத்தடியில் காலை அகட்டி நின்றார். "ஏலே! சாணியத் தின்ன, சாம்பலத் தின்ன, என் மாப்ள உசுரத் தின்ன! தின்னுபுட்டு வெறும் பூவக் காட்டி ஏமாத்துறியா? இன்னைக்கி உன்னைய வெட்டி அடுப்புல வச்சிர்றேன் பாரு!"

கோடாலியை ஓங்கினார். தடுக்க வேண்டியது நான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மாமனார் உதட்டை அசைக்காமல், "மாப்ளே, கையப் புடிங்க. தோள்பட்ட நோகுது" என்றார்.

"என் மரம் எவன் வீட்டுல களவாண்டுச்சு மாமா, ஜாமீன் எடுக்க?"

"வெரசா புடிங்க மாப்ளே, மரம் பாத்துக்கிட்டு இருக்கு!"

நான் அசையவில்லை. என் மரத்தைத் திருடனைப் போல நிறுத்தி மிரட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. கடைசியில் என் மனைவிதான் ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்தாள்.

"விடுங்கப்பா, வெட்டாதீங்க! அடுத்த பூவுக்குக் காய்ச்சிரும். நான் ஜாமீன்!"

மாமனார் அப்படியே வேலியோரம் இருந்த வரிசை முழுக்க ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு அதட்டல் போட்டுக்கொண்டு போனார். அவருக்கு முட்டி வலி. கீழ்த்தட்டுகளுக்கு இறங்கவில்லை. மேலே நின்றபடியே கீழே பார்த்து, "ஒங்களுக்கும் சேத்துத்தாம்லே!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்.

அந்த வருடம் மேல் வரிசை காய்த்தது.

ஆமாம். அவர் அதட்டிய அதே வரிசை. கீழ்த்தட்டுகளில் ஒன்று கூட இல்லை. என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வருடக்கணக்காகக் காத்திருந்த பழம் மரத்தில் தொங்குகிறது, சந்தோஷப்பட முடியவில்லை. மாமனார் நாயுடுபுரம் டீக்கடை ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து கோடாலியை ஓங்கிக் காட்டினார். கீழ்த்தட்டு ஏன் காய்க்கவில்லை என்று யாரோ கேட்டதற்கு, "சத்தம் அம்புட்டுத் தூரம் எட்டல" என்றார். வரும் மார்கழியில் முட்டிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு கீழே வரைக்கும் இறங்குவதாக ஏற்பாடு.

அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன்.

"இந்த மார்கழியில கோடாலி என் தோட்டத்துக்குள்ள வரக்கூடாது மாமா."

"வரலேன்னா எப்புடிக் காய்க்கும் மாப்ளே?"

"காய்க்கும். காய்க்கலேன்னா ஆடியில கோடாலிய எங்கிட்டக் குடுங்க, நானே வெட்டுறேன். கீழ்த்தட்டு மட்டும் இல்ல, காய்ச்ச வரிசையும் சேத்து. மொத்தத்தையும் உங்க மகன் கிழங்கு போட்டுக்கிறட்டும்."

மச்சினன் எழுந்தே விட்டான். "சாட்சிக்கு ஆள் கூப்புடவா மச்சான்?"

"ஊரையே கூப்புடு."

எப்படிக் காய்க்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. பயந்து காய்க்காது என்பது மட்டும் தெரியும். பயந்தால் வேலை நடக்கும் என்றால் பழனியிலேயே நடந்திருக்க வேண்டும். சின்ன வயதில் நான் வாங்காத அதட்டலா?

வீட்டில் அடுப்பு எரிந்ததைவிட அதிகமாக என் மனைவி எரிந்தாள்.

"அப்பா வந்து ஒரு சத்தம் போட்டுட்டுப் போனா உங்களுக்கு என்னங்க தேஞ்சுபோகுது? நான் ஜாமீன் நின்னது மரத்துக்கு, உங்க வாய்க்கு இல்ல!"

"அந்த மரம் கோடாலிக்குக் காய்க்கல."

"பெறகு எதுக்குக் காய்ச்சுச்சு? சொல்லுங்க!"

சில நாள் அவள் என்னோடு பேசவில்லை. சோற்றுத் தட்டு மட்டும் சத்தமாக வந்து விழும். துரைசானி களை என்று சொன்ன அந்தக் கசப்புக் கீரை என் தோட்டத்திலும் முளைத்திருந்தது. ஒரு காலை அவள் அதைக் கிள்ளிக்கொண்டே கீழ்த்தட்டிலிருந்து மேல் வரிசை வரைக்கும் வந்தாள். வேலியருகே நின்று அண்ணாந்து பார்த்தாள். பிறகு அவளாகப் பேச்செடுத்தாள்.

"இத்தன மரத்துக்கும் குச்சி எங்கருந்து எடுத்தீங்க?"

"தெரியாத மாதிரி கேக்குற. துரைசானி பங்களா மரம். அதவிட ஒசந்த பழம் இந்த மலையிலயே கெடையாது."

"அந்த ஒரே மரந்தானா? வேற மரத்துல எடுக்கவே இல்லையா?"

"நல்லது கையில இருக்கும்போது வேற எதுக்கு?"

அவள் மடியிலிருந்த கீரையைக் கீழே போட்டாள். "ஏங்க, அப்ப இது பூராம் பங்காளிகல்ல! ஒரு வயித்துப் புள்ளைகளா நிறுத்தி வச்சுக்கிட்டுக் காய்க்கல காய்க்கலன்னா எப்புடி? பங்காளிக்குள்ள யாரு பொண்ணு குடுப்பா, யாரு எடுப்பா?"

நான் வேலியைத் திரும்பிப் பார்த்தேன்.

"இந்த வேலி போன மாசியிலதான் மொதத் தடவ பூத்துச்சு. நீங்க எங்க பாத்தீங்க, உங்க மரத்தையேதான பாத்துக்கிட்டு இருந்தீங்க. நாட்டுப் பேரி, வேற குடும்பம். மேல் வரிசைக்கு மாமன் மச்சான் பக்கத்துல வந்து நின்னுட்டான், காய்ச்சிருச்சு. கீழ்த்தட்டுக்கு யாரு இருக்கா?"

அப்போதுதான் எனக்குப் பங்களாவின் சமையல்கட்டுப் பின்புறம் கண்ணுக்குள் வந்தது. அங்கே ஒரு நாட்டுப் பேரி நின்றது. ஒருவரும் அதன் பழத்தைத் தொட மாட்டார்கள். நாங்கள் அதில் கயிறு கட்டித் துணி காயப் போடுவோம். துரைசானியின் உயர்ந்த மரம் அத்தனை வருடமும் அந்தத் துணி காய்கிற மரத்தை நம்பித்தான் காய்த்திருக்கிறது! பாதியை அவள் சொன்னாள், மீதியை நான் கண்டுபிடித்தேன். இந்தக் கணக்கை அவள் இன்றுவரை ஒத்துக்கொண்டதில்லை.

மார்கழி போனது. கோடாலி வரவில்லை. மாமனார் வேலிக்கு வெளியே பாதையில் நின்று ஏக்கத்தோடு பார்த்துவிட்டுப் போவார். மாசியில் பூ எடுத்ததும் வேலியில் பூத்த கிளைகளை வெட்டினேன். பழைய மண்ணெண்ணெய் டின், வாய் உடைந்த பானை, கிடைத்த எல்லாவற்றிலும் தண்ணீர் ஊற்றிக் கிளைகளைச் சொருகி, கீழ்த்தட்டு மரங்களில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். பாதையில் கூட்டம் நின்றது.

"ஏலே, மரத்துக்கு மாப்ள அழைப்புலே!"

"மேளம் எங்கண்ணே?"

மச்சினன் கிழங்கு விதையைக் கூடையில் வைத்துக்கொண்டு, "மச்சான், பந்தி எப்ப? எல போட்டு வைக்கவா?" என்றான்.

"ஆடியில வா, எல இல்லாமலே தின்னலாம்" என்றேன்.

வாய் அப்படிச் சொன்னது. வானம் வேறு சொன்னது. அன்று மத்தியானமே கீழேயிருந்து மூடுபனி ஏறி வந்து தோட்டத்தில் உட்கார்ந்துகொண்டது. அடுத்த மரம் தெரியவில்லை. பனியில் தேனீ வெளியே வராது. பூத்தூளைச் சுமக்கத் தேனீ வராவிட்டால் மாப்பிள்ளை அழைப்பு வைத்து என்ன பலன்? மறுநாளும் பனி. அதற்கு மறுநாளும். டின்னில் இருந்த பூக்கள் ஓரம் பழுக்கத் தொடங்கின. நான் வாடியதை எடுத்துப்போட்டுப் புதுக் கிளை சொருகிக்கொண்டே இருந்தேன். வேலியில் பூ குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒரு கைக்குத்தான் மிச்சம். அதையும் வெட்டினேன். என் மனைவி ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் ஊற்றினாள். அவள் வாய் மூடியிருந்தது எனக்குப் பனியைவிடப் பயமாக இருந்தது.

அந்தக் கடைசிக் கிளைகள் ஏறிய மறுநாள் காலையில் பனி கிழிந்தது. வெயில் அடித்தது என்றால் கோடை வெயில் தோற்றுவிடும். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு காலுக்குக் கீழே மூன்று இலைப் புல்லில் ஒரு இரைச்சல். என் தோட்டத்தில் நான் அந்தப் புல்லைச் செதுக்காமல் விட்டிருந்தேன், மச்சினன் சோம்பேறி என்று ஏசினான். அதன் பூவுக்குப் பழகிய தேனீ கல்சுவர்ப் பொந்துகளில் குடியிருந்தது. அது ஒவ்வொன்றாக மேலே ஏறியது. டின்னில் உட்கார்ந்தது, மரத்தில் உட்கார்ந்தது, திரும்ப டின்னுக்கு வந்தது. பொழுது சாய்கிறவரை நானும் என் மனைவியும் சோற்றுக்குக் கூடப் போகவில்லை.

சித்திரையில் கீழ்த்தட்டு மரங்களில் பிஞ்சு நின்றது. மச்சினன் வந்து பார்த்தான், ஒரு பிஞ்சைத் தட்டிப் பார்த்தான், கிழங்கு விதைக் கூடையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் போனான். அவன் பேசாமல் போனதை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஆடியில் சொன்ன சொல்படி மாமனார் கோடாலியோடு வந்தார். ஊரும் வந்தது. வேலியருகே கோடாலியைச் சாய்த்து வைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு கீழ்த்தட்டு வரைக்கும் இறங்கினார். கிளைகள் பாரத்தில் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. நான் முன்கூட்டியே பறித்துப் பழுக்க வைத்திருந்த ஒரு பழத்தை நீட்டினேன். கடித்தார். சாறு முழங்கைக்கு வழிந்தது. இன்னொன்று கேட்டார். அதையும் தின்றுவிட்டு வேட்டியில் கையைத் துடைத்தார்.

"மார்கழியில நான் வீட்டு வாசல்ல கோடாலி தீட்டுனேன் மாப்ளே" என்றார். "சத்தம் கீழதான எறங்கும்?"

ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. "மாமா, அது கோடாலிக்குக் காய்க்கல. உங்க மகளக் கேளுங்க."

"அவளக் கேக்க என்ன இருக்கு? ஜாமீன் நின்னவ அவதான?" என்றவர், மகளைப் பார்த்து, "ஏத்தா, ஒன் பேருக்குத்தான் எழுதணும். இவரு அன்னைக்கிக் கையக் கட்டிக்கிட்டுல்ல நின்னாரு" என்றார்.

அப்படியே எழுதியும் கொடுத்தார். மரம் என்னுடையது, மண் அவளுடையது. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை என்று சொல்ல நினைத்தேன். கொஞ்சம் உண்டு.

கோடாலியை அன்றே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஓடைப் பக்கம் போய்ச் சீகைமரக் கம்புகளாக வெட்டிச் சுமந்து வந்து, ஒடிகிற மாதிரித் தொங்கிய கிளைகளுக்கெல்லாம் முட்டுக் கொடுத்தேன். என் தோட்டத்தில் அந்தக் கோடாலி செய்த வேலை அதுதான். டின் கட்டுகிற தொல்லை வேண்டாம் என்று ஒவ்வொரு தட்டிலும் ஒரு மரத்தில் நாட்டுப் பேரிக் குச்சி ஒட்டுக் கட்டினேன். பிறகு நான் நாற்றுப்பண்ணை வைத்தது, பாச்சலூர்ப் பக்கம் வரைக்கும் என் கன்றுகள் இறங்கியது எல்லாம் மலைக்குத் தெரியும். கன்றுக் கட்டோடு ஒரு நாட்டுப் பேரியையும் சேர்த்தே கொடுப்பேன். முள் என்று அதைத் தூக்கி எறிந்தவர்கள் திரும்பி வந்து காய்க்கவில்லை என்பார்கள். "வேலி போட்டீங்களா?" என்று கேட்பேன்.

மாமனார் புதுக் கோடாலி ஒன்று வாங்கினார். உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு மார்கழியும் வேலிக்கு வெளியே பாதையில் உட்கார்ந்து, என் மரங்களுக்குக் கேட்கிற மாதிரி கரகரவென்று அதைத் தீட்டுவார். நான் உள்ளே இலையுதிர்ந்து நிற்கிற மரங்களுக்கு நடுவே நடந்துகொண்டு, அவருக்குக் கேட்கிற மாதிரி சொல்லுவேன்.

"பயப்படாதீங்கலே. நான் இருக்கேன்."